எழுதும் விரல்: குழந்தைக் கிறுக்கலின் வரலாறு

தலைநகரில் வாழும் தமிழர் இல்லம் ஒன்றனுள் நுழைந்து, கூடத்துச் சுவரைத் தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை உற்று நோக்குவோமாயின், அங்குக் கரிக்கோடுகளும் வண்ணக்கோடுகளும் வளைந்தும் சுழன்றும் கிடப்பதைக் காணலாம். சிறு குழந்தை உள்ள வீட்டிற்கு அவையே அடையாளம். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாசி பிறப்பதற்குள் இந்நிலை எய்திவிடுகிறது. "சுவரைப் பாழாக்கிவிட்டான்" என்று தாய் வருந்துகிறாள், "பென்சிலை இவன் கையில் கொடுத்தது யார்?" என்று தந்தை சினக்கிறார். ஈரத்துணி வருகிறது, கோடு மறைகிறது.

அதே குழந்தையை விசயதசமியன்று மடியில் இருத்தி, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் அதன் விரலைப் பற்றி 'அ' என்று எழுதுவிக்கிறோம். அன்று அவ்விரலுக்கு வழிபாடு. மறுநாள் அதே விரலுக்கு அடி. இம்முரண்பாடு நம்மில் பலருக்கும் தோன்றுவதே இல்லை. சுவரில் கிடக்கும் அக்கோடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு; அது நீண்ட வரலாறு; அதன் ஓர் ஏட்டில் நம் தமிழகத்து மணலும் இடம்பெற்றுள்ளது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அதனால் நாம் பெறும் படிப்பினை யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதுதல் என்னும் சொல்

முதற்கண் நம் மொழியையே கேட்போம். இன்று நாம் 'எழுதுதல்' என்றால் எழுத்து எழுதுதலையே கருதுகிறோம். பழந்தமிழிலோ அச்சொல்லின் பொருள் அகன்றது. கண்ணுக்கு மை எழுதினர். மகளிர் மேனியில் தொய்யில் எழுதினர். சுவரிலும் துணியிலும் சித்திரம் எழுதினர். வரைதலுக்கும் எழுதுதலுக்கும் இடையே நம் முன்னோர் சுவர் எழுப்பவில்லை. கோடு இழுக்கும் கையின் தொழில் எல்லாம் அவர்களுக்கு எழுத்தே.

மணலில் கோடு இழைப்பதும் அவர்கள் அறிந்ததே. தலைவன் வருவானோ மாட்டானோ என்று அறியக் கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் இழைத்து, அதன் முனைகள் கூடுகின்றனவா என்று பார்ப்பது 'கூடல் இழைத்தல்' எனப்பட்டது. சிறுமியர் மணலில் சிறுவீடு கட்டி விளையாடுதல் 'சிற்றில்' எனப்பட்டது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் இதற்கென ஒரு பருவமே வகுத்தனர். தாம் இழைத்த சிற்றிலைக் காலால் சிதைக்க வேண்டா என்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனாகிய சிறுவனிடம் வேண்டுவதே அப்பருவத்தின் பொருள். குழந்தையின் மணற்கோட்டை மதிக்கத்தக்கதென இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. இதனை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

குகையும் மரப்பட்டையும்

குழந்தை கோடு இழுப்பது தாளும் பென்சிலும் தோன்றிய பின் வந்த பழக்கம் அன்று. பிரான்சு நாட்டில் ருபின்யாக் என்னும் குகை உள்ளது. அதன் மென்மையான சுவர்களிலும் விதானத்திலும் விரல்களால் இழுத்த கோடுகள் ஏராளமாக உள்ளன. அவை ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று கருதப்படுகின்றன. விரல் தடங்களின் அகலத்தை அளந்து ஆராய்ந்தோர், அவற்றுள் சில மிகச் சிறு குழந்தைகளுடையவை என்று 2006-ஆம் ஆண்டு வெளியிட்டனர். விதானத்தில் உள்ள கோடுகள் குழந்தையின் கைக்கு எட்டா. யாரோ ஒருவர் அக்குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்தாலன்றி அவை அங்கு ஏற்பட்டிரா. எழுத்தறியா அக்காலத்தில், இருள் சூழ்ந்த குகையினுள், பெரியவர் ஒருவர் குழந்தையைத் தோளில் ஏந்தி அது விரும்பியவாறு கோடு இழுக்க இடம் தந்தார் என்று எண்ணும்போது நம் கையிலுள்ள ஈரத்துணி சற்றே தயங்கத்தான் வேண்டும்.

இன்னொரு சான்று உருசிய நாட்டினது. நோவ்கொரோடு நகரில் மண்ணுக்கடியிலிருந்து மரப்பட்டை ஏடுகள் பல அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் 1956-ஆம் ஆண்டு கிடைத்த சில, 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒன்பிம் என்னும் சிறுவனுடையவை. வயது ஆறு அல்லது ஏழு இருக்கலாம் என்பர். ஆசிரியர் இட்ட அரிச்சுவடியை அவன் கீறுகிறான். பின், எஞ்சிய இடத்தில் குதிரைமீது அமர்ந்து பகைவனை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்து, அவ்வீரன் பக்கத்தில் தன் பெயரையே எழுதிக்கொள்கிறான். வேறொரு பட்டையில் விலங்கு ஒன்றை வரைந்து, காட்டு விலங்கு தானே என்று குறிப்பும் எழுதுகிறான். எழுத்துப் பயிற்சி ஆசிரியருக்காக. எழுத்தின் பயன் தனக்காக. தான் வரைந்ததற்குப் பெயரிடும் ஆசையால் அன்றோ அவனுக்கு எழுத்து உயிர் பெற்றது? 750 ஆண்டுகள் கழிந்தும் அப்பிள்ளையின் கை நமக்குத் தெரிந்த கையாகவே இருக்கிறது.

சென்னை மணல் சீமைக்குச் சென்றது

இனி நம் நாட்டு மணலுக்கு வருவோம். திண்ணைப் பள்ளிகளில் முதல் எழுத்து மணலில்தான். தரையில் மணலைப் பரப்பி, பிள்ளை எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதும். கை தேர்ந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வழங்கப்படும்.

ஸ்காத்லாந்தினரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-இல் சென்னை வந்தார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்தம் ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த அநாதைப் பள்ளியின் மேற்பார்வையை ஏற்றார். ஒருநாள் குதிரைமீது செல்கையில் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதனை 'மலபார்ப் பள்ளி' என்று குறித்தார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் அப்பெயராலேயே வழங்கினர். தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனையே சிறியோர் வகுப்புக்கு ஆசானாக்கினார். அது நன்கு நடைபெற்றது.

பெல் தாயகம் திரும்பி 1797-இல் இலண்டனில் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1811-இல் தோன்றிய இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியக் கல்விச் சங்கம் இம்முறையையே மேற்கொண்டது. 'சென்னை முறை' என்னும் பெயரால் அது சீமையின் ஏழைப் பிள்ளைகளுக்குரிய பள்ளிகளில் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் இலண்டனில் நடத்திய பள்ளிகளிலும் மணற்பலகை இடம்பெற்றது.

இதனை எண்ணி நாம் பெருமை கொள்வது இயல்பே. எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. பெல் மணலை எடுத்துச் சென்றது அதன் சிக்கனத்திற்காக. தாள் வேண்டா, மை வேண்டா, உள்ளங்கையால் தடவினால் பலகை மீண்டும் தூய்மை. மணலுக்கு மற்றொரு குணமும் உண்டு: அது பிழையைப் பதிவு செய்து வைப்பதில்லை. அச்சமின்றி ஆயிரம் முறை இழைக்கலாம், எதையும் இழைக்கலாம். இந்த இரண்டாவது குணத்தைச் சீமைப் பள்ளியும் போற்றவில்லை. நம் திண்ணைப் பள்ளியும் போற்றவில்லை. மணல் எல்லாக் கோட்டையும் ஏற்கக் காத்திருந்தது. ஆசிரியர் இட்ட ஒரு கோட்டை மட்டுமே பிள்ளை இழைக்கலாயிற்று. பொருள் விரிந்தது; பயன் குறுகியது. பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளின் வரலாறு, இக்குறுக்கம் மெல்ல மெல்ல நீங்கிய வரலாறே எனலாம்.

புள்ளியும் கட்டமும்

செர்மனி நாட்டில் பிரோபெல் என்பார் 1837-இல் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயரிட்டார். கம்பளி நூற்பந்து, மர உருண்டை, கனசதுரம், உருளை முதலியவற்றைக் குழந்தையின் கையில் கொடுத்தார். கட்டம் கீறிய பலகையில் கட்டத்தின் வழியே கோடு இழைத்துப் புதுப்புது வடிவம் காணச் செய்தார். புள்ளி வைத்துக் கோலமிடும் நம் தாய்மார்க்கு இது வியப்பளிக்காது. புள்ளி கட்டுப்பாடு; அப்புள்ளிகளுக்கிடையே கம்பி எவ்வாறு ஓடவேண்டும் என்பது கைக்குரிய உரிமை. பிரசிய அரசு 1851-இல் குழந்தைத் தோட்டங்களைத் தடை செய்தது. மறு ஆண்டே பிரோபெல் மறைந்தார். தடை 1860-இல் நீங்கியது. ஆனால் பின்வந்தோர் பலர் கட்டத்தைக் காத்தனர், உரிமையை மறந்தனர். முன்னிருக்கும் படத்தைப் பார்த்து அவ்வாறே வரைவதே சித்திரக் கல்வி என்று பள்ளிகள் நெடுங்காலம் கருதி வந்தன.

இந்நிலையைக் குலைத்தவை இரண்டு சுவர்கள் என்றால் வியப்பாக இருக்கும். ஒன்று இத்தாலியின் பொலோனா நகரத்தது. மழைக்கு ஒதுங்கிய கொர்ராடோ ரிச்சி என்னும் கலை அறிஞர், தாம் நின்ற நடைப்பந்தலின் சுவரில் சிறுவர் கிறுக்கிய உருவங்களைக் கண்டார். பொழுதுபோக்காக நோக்கத் தொடங்கியவர், அவற்றில் ஓர் ஒழுங்கு இருப்பதை உணர்ந்து, 1887-இல் குழந்தைகளின் கலை பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். மற்றொன்று வியன்னா நகரத்து வேலி. ஓவியம் பயின்ற பிரான்சு சீசெக் தம் அறையின் சாளரத்தின் வழியே, எதிரிலிருந்த பலகை வேலியில் தெருப்பிள்ளைகள் சுண்ணக்கட்டியால் வரைவதைக் கண்டார். இடத்திற்காக அவர்கள் போட்டியிட்டனர். ஒருவரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. 1897-இல் அவர் குழந்தைகளுக்கென ஒரு கலை வகுப்பைத் தொடங்கினார். அங்குப் பார்த்து வரையப் படம் இல்லை. பொருள்கள் மட்டும் உண்டு. அவ்வகுப்புப் பிள்ளைகளின் படைப்புகள் 1920-இல் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஆசிரியர் பலர் கருத்து மாறினர்.

சீசெக்கின் மாணவர்தம் படங்கள் பலவும் ஒரே சாயலில் அமைந்தன என்று குறை கூறியோரும் உண்டு. அக்குறை முற்றும் பொய்யன்று. கட்டளையிடாத ஆசிரியரின் விருப்பமும் குழந்தையின் கையில் புகுந்துவிடும். நாம் புன்னகைக்கும் படத்தையே அது மீண்டும் வரையும். எனவே கட்டளையிடாதிருத்தல் மட்டும் போதாது. பாராட்டிலும் அடக்கம் வேண்டும்.

நம் நாட்டில்

நம் நாட்டில் இக்கருத்து வேரூன்றியது எவ்வாறு என்பதை நோக்குவோம். குசராத்தின் பாவநகரில், வழக்கறிஞர் தொழிலை விட்டுக் குழந்தைக் கல்வியில் ஈடுபட்ட கிஜுபாய் பதேகா 1920-இல் பாலமந்திர் ஒன்றைத் தொடங்கினார். வங்கத்தில் இரவீந்திரநாத தாகூர் 1901-இல் நிறுவிய பள்ளியோடு 1919-இல் கலாபவனமும் சேர்ந்தது. அதனை நந்தலால் போஸ் வளர்த்தார்.

தாகூரின் வாழ்வே கிறுக்கலுக்கு ஒரு பெருஞ்சான்று. அறுபது வயதைக் கடந்த பின், கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய சொற்களை ஒன்றோடொன்று கோத்துக் கோடிழைத்தார். அவ்வடித்தல்களே பறவையாகவும் விலங்காகவும் உருக்கொண்டன. அவ்வழியே ஓவியரான அவருடைய படங்கள் 1930-இல் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. உலகப் புகழ் பெற்ற கவிஞர்க்குப் பொருந்திய கிறுக்கல் நம் வீட்டு மூன்று வயதுக் குழந்தைக்குப் பொருந்தாதா?

காந்தியடிகளோ தம் கையெழுத்து அழகற்றிருப்பதற்காக வாழ்நாள் முழுதும் நாணியவர். தென்னாப்பிரிக்காவில் இளம் வழக்கறிஞர்களின் அழகிய எழுத்தைக் கண்டு வருந்தியதைத் தம் சத்திய சோதனையில் கூறுகிறார். அதிலிருந்து அவர் கண்ட முடிவு நாம் கருதத்தக்கது: குழந்தைக்கு எழுத்துக்கு முன் சித்திரம் கற்பிக்க வேண்டும், பூவையும் பறவையையும் நோக்குவதுபோல் எழுத்தையும் நோக்கி அறியட்டும், பொருள்களை வரையக் கற்ற பின்னரே எழுதக் கற்கட்டும் என்பது.

1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டை அடுத்து ஆதாரக் கல்வி உருப்பெற்றது. 1944-இல் சாந்திநிகேதனத்தில் பயின்ற தேவி பிரசாத் சேவாகிராமத்திற்குக் கலை ஆசிரியராகச் சென்றார். சேவாகிராமம் சிற்றூர். ஆயினும் கலைக்கு விலையுயர்ந்த பொருள் வேண்டுவதில்லை என்பதற்கு அவருக்கு முன்மாதிரி இருந்தது. 1938-இல் ஹரிபுரா காங்கிரசுக்காக நந்தலால் தீட்டிய படங்களுக்குக் கைத்தாளும் மண் வண்ணங்களும் போதியவையாயிருந்தன. கல்விக்குக் கலை அணிகலன் அன்று, அடிப்படை என்னும் தம் கொள்கையைத் தேவி பிரசாத் பின்னர் நூலாகவும் எழுதினார்.

தமிழகத்தை மறத்தல் ஆகாது. 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தையின் விரல் தடவி அறிவது அவர் முறைகளுள் ஒன்று. எழும்பூர்ப் பள்ளியைப் பெல் ஏற்ற 1789-க்கும் இவ்வாண்டுக்கும் இடையே சரியாக 150 ஆண்டுகள். இரண்டிற்கும் நேர்த்தொடர்பு உண்டென்று நாம் கூறவில்லை. எழுத்தை முதலில் அறிவது கண் அன்று, விரல் என்பதை இருவேறு வழியில் வந்தோரும் உணர்ந்தனர் என்பதே நாம் சொல்ல வருவது.

நாம் வாழும் தில்லிக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் தம் வார இதழின் வாயிலாகக் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பன்னாட்டுக் குழந்தைகளுக்கும் அது விரிந்தது. 1956-இல் பால பவனமும், 1957-இல் சங்கரின் முயற்சியால் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும் இந்நகரில் தோன்றின. உலகக் குழந்தைகளின் ஓவியங்கள் வந்து குவியும் நகரில் வாழ்கிறோம் என்பது நமக்கு மகிழ்ச்சிக்குரியது.

நாம் செய்த பிழை

நிற்க. வரலாற்றை இதுவரை பிறர் செயலாகவே கூறினோம். இனி நம் செயலையும் கூறுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஆண்டு விழாவில் 'என் ஊர்' என்னும் தலைப்பில் ஓவியப் போட்டி நடத்தினோம். தாள்களைத் திரட்டிப் பார்த்தபோது திகைத்தோம். பெரும்பாலானவற்றில் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை. தில்லியில் பிறந்து தில்லியில் வளரும் குழந்தைகள். அவர்தம் பெற்றோர் தஞ்சையும் நெல்லையும் மதுரையும் சேர்ந்தவர்கள். தஞ்சைச் சமவெளியில் இரட்டை மலை ஏது? குழந்தைகள் தம் ஊரை வரையவில்லை. யாரோ கற்றுக்கொடுத்த படத்தை வரைந்தனர். நாமும் அவற்றுள் துப்புரவானதற்குப் பரிசளித்தோம்.

அன்று போட்டிக்குரிய வயது நிரம்பாத நான்கு வயதுக் குழந்தை ஒன்று, தமக்கையுடன் வந்திருந்தது. தரை அழுக்காகாதிருக்க நாம் விரித்திருந்த செய்தித்தாளின்மீது கிடைத்த வண்ணக்கட்டியால் அது நெடுநேரம் இழைத்தது. நீண்ட கோடு ஒன்று. அதன்மேல் சுழி சுழியாக எண்ணற்ற வட்டங்கள். "என்ன இது?" என்றதற்கு, "தாத்தா வர்ற ரயில்" என்றது. ஊரிலிருந்து வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் அதன் தாத்தா ஆண்டுக்கு ஒருமுறை வருவார். அன்றைய தாள்களுள் 'என் ஊர்' என்னும் தலைப்புக்கு உண்மையாக விடை எழுதியது அது ஒன்றே என்று இப்போது தோன்றுகிறது. விழா முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கினோம். செய்தித்தாள்களைச் சுருட்டி எறிந்தோம். அடுத்த ஞாயிறு தமிழ் வகுப்பு வாயிலில் அக்குழந்தை நின்று, "என் ரயில் எங்கே மாமா?" என்று கேட்டது. நம்மிடம் விடை இல்லை. சிற்றிலைச் சிதைத்தவர் நாமே.

கிறுக்கல் கூறும் ஒழுங்கு

அக்குழந்தை இழைத்தது வெறுங்கிறுக்கல் அன்று என்பதற்கு ஆராய்ச்சியும் துணை நிற்கிறது. வியன்னாவிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய விக்டர் லோவன்பெல்டு 1947-இல் வெளியிட்ட நூலில் குழந்தையின் வரைதல் படிப்படியாக வளரும் முறையை விளக்கினார். அச்சடித்த உருவத்திற்குள் வண்ணம் நிரப்பும் புத்தகங்கள் குழந்தையின் தன்னம்பிக்கையைக் குலைக்கும் என்றும் எச்சரித்தார். சான்பிரான்சிஸ்கோவில் மழலைப் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் அம்மையார் பல நாட்டுக் குழந்தைகளின் படங்களைப் பெருந்தொகையாகத் திரட்டி, எல்லாக் கிறுக்கல்களும் 20 அடிப்படை வடிவங்களுள் அடங்கும் என்று கண்டார். புள்ளி, நேர்கோடு, வளைகோடு, வளையம், சுழி, வட்டம் முதலியன அவை. 1969-இல் அவர் நூல் வெளிவந்தது.

ஏறத்தாழ ஒன்றரை வயதில் தோள் அசைவால் கோடு பிறக்கிறது. பின்னர் மணிக்கட்டு இணங்கிச் சுழல்கள் தோன்றுகின்றன. மூன்று வயதளவில் கோட்டின் முனைகள் கூடி வட்டமாகின்றன. அதன்பின் அவ்வட்டத்திற்குக் கண்ணும், தலையிலிருந்தே நேரே இறங்கும் கால்களும் முளைத்து மனிதன் தோன்றுகிறான். எந்நாட்டுக் குழந்தையும் பெரும்பாலும் இவ்வழியே வருகிறது. கூடல் கூடும் அந்நாள் குழந்தையின் வாழ்வில் பெருநாள்.

தமிழ் எழுத்தை எண்ணிப் பாருங்கள். 'ட'வும் 'ப'வும் நேர்கோட்டின் மக்கள். 'ண'வும் 'ன'வும் சுழியின் மக்கள். 'ஐ'யும் 'ஒ'வும் வளையத்தின் மக்கள். சுவரில் சுழி இழைத்த குழந்தை 'ண'கரத்திற்கு வேண்டிய கை அசைவைத் தானே பயின்றுவிட்டது. அப்பயிற்சியை அழித்துவிட்டு, ஐந்து வயதில் இரட்டைக்கோட்டு நோட்டில் நூறு முறை 'ண' எழுதச் சொல்கிறோம். பிற மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைக்குப் பள்ளியில் ஆங்கில எழுத்து ஒன்று, நாகரி எழுத்து ஒன்று. மூன்றாவதாகத் தமிழும் தண்டனை உருவில் வருமாயின் அது எதைக் கைவிடும் என்று சொல்ல வேண்டுமோ? ஞாயிறு வகுப்பில் முதல் மாதம் நிறைந்திருக்கும் பாய், மூன்றாம் மாதம் பாதி வெறுமையாகும் காரணம் இதுவும் ஆகலாம்.

செய்யத்தக்கன

இதற்குப் பொருட்செலவு இல்லை. சைமன் நிக்கல்சன் என்பார் 1971-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இடம்பெயர்த்து இணைத்துப் பிரித்து விளையாடத்தக்க பொருள்கள் மிகுந்த இடத்திலேயே படைக்கும் ஆற்றல் மிகும் என்றார். நம் சமையலறையே அத்தகைய இடம். தாம்பாளத்தில் பரப்பிய மணல் அல்லது அரிசி மாவு, பிசைந்த மண், அடுக்குமாடியின் மொட்டைமாடித் தரையில் தண்ணீரும் ஒரு பழைய தூரிகையும், சிலேட்டும் பலப்பமும், பின்பக்கம் வெறுமையான அலுவலகத் தாள், பருமனான வண்ணக்கட்டி இரண்டு மூன்று. சற்று வளர்ந்த பிள்ளைக்குப் புளியங்கொட்டையும் சோழியும் வரிசையிட்டுக் கோலம் அமைக்கத் தரலாம். மூன்று வயதுக்குட்பட்டார் அவற்றை வாயிலிட்டுக்கொள்வர் ஆதலின் தரலாகாது. சுண்ணாம்புத் தூள் கண்ணுக்குக் கேடு. சுவரைக் காக்க விரும்புவோர் குழந்தை உயரத்தில் ஒரு பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பி ஒட்டிவைத்தால் போதும்.

பொருளைவிட அருமையானது பெரியவரின் பொறுமை. 'நான் வரைந்து காட்டுகிறேன்' என்று கட்டியை வாங்காதிருத்தல் முதற்கடன். இது யானையா, மரமா என்று வினவி நெருக்காதிருத்தல் இரண்டாவது. மூன்றாவதே நம் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குத் தலையாயது. குழந்தை தானே வந்து தன் கோட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுமாயின், அச்சொல்லை அது சொன்னவாறே, அதன் கண்முன்னே, அப்படத்தின் கீழ்த் தமிழில் எழுதி நாளையும் குறித்துவைத்தல் வேண்டும். 'தாத்தா வர்ற ரயில்' என்று நாம் அன்று எழுதியிருந்தால், தன் வாய்ச்சொல் எழுத்தாவதை அக்குழந்தை கண்டிருக்கும். தன் வீரனுக்குப் பெயரெழுதிய ஒன்பிம் போல, எழுத்து எதற்காக என்பதை அது உணர்ந்திருக்கும். தமிழெழுத்து அதற்குப் பள்ளியின் பணி ஆகாமல், தாத்தாவின் ரயிலாகவே வந்திருக்கும்.

ஆகவே நம் சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள்களை விடுக்கிறோம். ஞாயிறு வகுப்பில் புதிதாகச் சேரும் சிறு குழந்தைகளுக்கு முதல் மூன்று மாதம் நோட்டுப்புத்தகம் வேண்டா. மணற்பலகையும் கதையும் போதும். அடுத்த ஆண்டு விழாவில் ஆறு வயதுக்குட்பட்டார்க்குப் போட்டி வேண்டா. மண்டபத்தின் ஒரு பக்கத்தில் நீண்ட தாள் ஒன்றை விரித்து, கரியும் வண்ணமும் வைத்து, பரிசின்றித் தலைப்பின்றி விட்டுவிடுவோம். அருகே பெரியவர் ஒருவர் பேனாவுடன் அமர்ந்து, குழந்தைகள் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். விழா முடிந்ததும் அத்தாளைச் சுருட்டி எறியாது, சங்கத்து நூலகத்தில் சேர்த்து வைப்போம்.

விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பற்றி எழுதுவித்தல் நம் மரபு; அது நிலைக்கட்டும். ஆண்டின் ஏனைய நாள்களில் அவ்விரலை அதன் போக்கில் விட்டுவைப்போம். அது இழைக்கும் சிற்றில் சிதையாது வளர்க! அதன் வழியே தமிழும் வளர்க!